நிறுவுவதோடு நின்றுவிடலாமா?

காத்தோங் சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் ஆலயத்திற்குச் சற்றுத் தள்ளி என் அத்தை வீடு இருக்கிறது. தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேரைக் கூட்டி வைத்துச் சொல் விளையாட்டு நடத்துவார். கட்டங்களைத் தாளில் வரைந்து வரைந்து கை வலிக்கிறது, கணினியில் செய்துகொடு என்றார். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மென்பொருள் படிக்கும் மருமகன் வேறு எதற்கு இருக்கிறான்?

சொற்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் எத்தனை கட்டம் வேண்டும் என்று கணக்கிட உட்கார்ந்தேன். நிரல் எழுத நான் பயன்படுத்தும் எடிட்டரில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தால், அதில் எத்தனை எழுத்துகள் என்று திரையின் அடியில் காட்டும். 'தமிழ்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தேன். ஐந்து என்று காட்டியது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தை சிரித்துவிட்டார். "என்னடா இது, தமிழுக்கே அஞ்சு எழுத்தா? பிரைமரி ஒன் பிள்ளைகூட மூணுன்னு சொல்லுமே!"

உலகம் முழுவதும் எண்ணற்ற நிரலாளர்கள் பயன்படுத்தும் கருவி அது. அதை உருவாக்கியவர்கள் திறமைசாலிகள். ஆனால் அத்தைக்குத் தெரிந்தது அந்தக் கருவிக்குத் தெரியவில்லை. யாருக்கு எழுதிச் சொல்வது, எப்போது திருத்துவார்கள் என்று யோசித்தபோதுதான், நான் இரண்டு ஆண்டுகளாகத் தினமும் பயன்படுத்தியும் பொருட்படுத்தாத ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தக் கருவியைத் திருத்த யாருடைய அனுமதியும் எனக்குத் தேவையில்லை. அதற்கான கதவை அவர்களே திறந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவின் பெயர் 'பிளக்-இன்'. தமிழில் செருகுநிரல் என்கிறோம்.

முகப்பு மாறாது, பின்கட்டு வளரும்

செருகுநிரல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு எங்கள் வட்டாரத்தையே காட்டுவேன். ஜூ சியாட், காத்தோங் பகுதியின் பழைய கடைவீடுகள் 1993 முதல் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. வண்ண ஓடுகள், சன்னல்கள், ஐந்தடி நடைபாதை எல்லாம் முன்பு இருந்தபடியே இருக்க வேண்டும். ஆனால் வீட்டின் பின்புறத்தில், விதிகளுக்கு உட்பட்டுப் புதிய பகுதி கட்டிக்கொள்ளலாம். குடியிருப்பவருக்கு என்ன தேவையோ அதை அங்கே சேர்க்கலாம். மூலக் கட்டடத்தை இடிக்க வேண்டியதில்லை.

மென்பொருளும் அப்படித்தான். மையப் பகுதியை உருவாக்கியவர்கள், "இந்த இந்த இடங்களில் நீங்கள் உங்கள் நிரலைச் செருகலாம், இந்த விதிகளைப் பின்பற்றுங்கள்" என்று இடம் விட்டு வைக்கிறார்கள். மையத்தைத் தொடாமலேயே மற்றவர்கள் அதற்குப் புதிய திறன்களைச் சேர்க்கிறார்கள்.

இது நேற்று வந்த யோசனை அல்ல. 1976ல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் உருவான 'ஈமேக்ஸ்' எடிட்டர், முதலில் வேறொரு எடிட்டரின்மீது சேர்க்கப்பட்ட சிறு கட்டளைகளின் தொகுப்பாகத்தான் பிறந்தது. 2001ல் ஐபிஎம் நிறுவனம் 'எக்லிப்ஸ்' என்ற கருவியைப் பொதுவில் வெளியிட்டது. அதில் மையம் மிகச் சிறியது. ஜாவா மொழிக்கான வசதிகள்கூடச் செருகுநிரல்களாகவே எழுதப்பட்டிருந்தன. அந்தக் குழுவில் முக்கியப் பங்காற்றிய எரிக் காமா என்பவரே பின்னர் மைக்ரோசாஃப்ட்டில் சேர்ந்து 'விஎஸ் கோட்' எடிட்டரை வழிநடத்தினார். 2015ல் வெளிவந்த அந்த எடிட்டர்தான் இன்று எங்கள் வகுப்பில் பெரும்பாலான மடிக்கணினிகளில் திறந்திருக்கிறது.

அதன் வேலைமுறை நாம் நினைக்கும் அளவுக்குப் புதிரானதல்ல. ஒவ்வொரு செருகுநிரலும் ஓர் அறிமுகக் கோப்போடு வருகிறது. நான் யார், என்ன பதிப்பு, எப்போது என்னை எழுப்ப வேண்டும், எடிட்டருக்கு நான் என்ன தருகிறேன் என்ற விவரங்கள் அதில் இருக்கும். ஒரு கட்டளை, ஒரு பட்டியல், ஒரு நிறத்தொகுப்பு, புதிய மொழி ஒன்றுக்கான ஆதரவு என எதுவாகவும் அது இருக்கலாம். தேவைப்படும்போது மட்டும் எடிட்டர் அதை எழுப்பும். செருகுநிரல்கள் தனிச் செயல்முறையாக ஓடுவதால், அவற்றில் ஒன்று தடுமாறினாலும் நாம் தட்டச்சு செய்வது நின்றுவிடாது.

2016ல் இன்னொரு முக்கியமான மாற்றம் வந்தது. அதற்கு முன்பு, பத்து எடிட்டர்களும் இருபது கணினி மொழிகளும் இருந்தால், ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக, மொத்தம் இருநூறு இணைப்புகளை எழுத வேண்டியிருக்கும். எடிட்டரும் மொழிக்கருவியும் பேசிக்கொள்ள ஒரு பொது நெறிமுறையை மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி நிறுவனங்கள் அந்த ஆண்டு அறிவித்தன. இப்போது மொழிக்கு ஒன்று, எடிட்டருக்கு ஒன்று என முப்பது போதும். சிறிய குழு உருவாக்கிய சிறிய மொழிக்கும் பெரிய எடிட்டர்களில் இடம் கிடைத்தது இதனால்தான்.

மூன்றா, நான்கா?

என் கதைக்கு வருகிறேன். 'தமிழ்' என்ற சொல்லுக்கு ஐந்து என்று காட்டியதில் எடிட்டரின் பிழை எதுவும் இல்லை. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகத்தான் அந்தச் சொல் சேமிக்கப்படுகிறது. நமக்கு 'மி' ஓர் எழுத்து. கணினிக்கு அது இரண்டு. குறியீடுகளை எண்ணும் கருவியிடம் எழுத்துகளைக் கேட்டால் அப்படித்தான் பதில் வரும்.

ஒரு சனிக்கிழமை இரவு உட்கார்ந்து எழுதினேன். ஏறக்குறைய முப்பது வரிகள். தேர்ந்தெடுத்த பகுதியை எடுத்து, ஜாவாஸ்கிரிப்டில் ஏற்கனவே உள்ள ஒரு வசதியின் மூலம் குறியீடுகளை எழுத்துகளாகத் தொகுத்து, எண்ணிக்கையைத் திரையின் அடியில் காட்டும். 'தமிழ்' மூன்று என்று வந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாளே அத்தையிடம் ஓடினேன்.

அவர் தம் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் சரியாக வந்தன. பிறகு 'லக்ஷ்மி' என்றார். நான்கு என்று காட்டியது.

"க்ஷ் ஓர் எழுத்துடா. ல, க்ஷ், மி. மூணு கட்டம்தான்."

யூனிகோடின் பொது விதி க், ஷ் இரண்டையும் தனித்தனியாக எண்ணுகிறது. அத்தையின் வகுப்பறையில் அது ஒன்று. எது சரி என்று நான் வாதாடவில்லை. அவருடைய கட்டத்தில் அவர் சொல்வதுதான் விதி. இரண்டு வரி சேர்த்தேன். சரியானது.

அந்த இரண்டு வரிகள்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தன. முப்பது வரி நிரலை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அந்த இரண்டு வரிகள் அத்தையின் தலைக்குள் இருந்தன. எந்த நிறுவனத்தின் தலைமையகத்திலும் அவை இல்லை. செருகுநிரலின் உண்மையான பயன் இதுவே என்று நினைக்கிறேன்: கருவியை உருவாக்கியவருக்குத் தெரியாத ஒன்றை, தெரிந்தவர் அதற்குள் வைக்க முடிகிறது.

நம் முன்னோடிகள் காத்திருக்கவில்லை

இது தமிழுக்குப் புதிய அனுபவமும் அல்ல, சிங்கப்பூருக்கும் புதிதல்ல. கணினிகள் நம் மொழியை அறியாமல் வந்தபோது, அவற்றின்மீது தமிழை ஏற்றியவர்கள் நம்மவர்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985ல் தொடங்கிய 'முரசு அஞ்சல்', மற்றவர்கள் எழுதிய மென்பொருள்களுக்குள் நாம் தமிழில் தட்டச்சு செய்ய வழிவகுத்தது. இங்கே, எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' என்ற அமைப்பை உருவாக்கினார். சிங்கப்பூர்க் கவிதைகள் 1995ல் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. 1997ல் தமிழ் இணையம் பற்றிய மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. 2000ல் இதே ஊரில்தான் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தொடங்கப்பட்டது.

அன்றைய மென்பொருள்கள் இன்றைய பொருளில் செருகுநிரல்கள் அல்ல. ஆனால் செய்த வேலை ஒன்றுதான். பிறர் கட்டிய வீட்டில் நம் மொழிக்கு ஓர் அறை சேர்த்தார்கள். கோவிந்தசாமி 1999ல் மறைந்தார். அவருக்குக் கிடைக்காத ஒரு வசதி எங்கள் தலைமுறைக்குக் கிடைத்திருக்கிறது. அவர்கள் கதவைத் தட்டித் திறக்க வேண்டியிருந்தது. எங்களுக்குக் கதவு திறந்தே கிடக்கிறது. உள்ளே எப்படி வருவது என்ற வழிகாட்டிக் குறிப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன.

அப்படியிருந்தும் நாங்கள் என்ன செய்கிறோம்? என் மடிக்கணினியில் அன்று எண்ணிப் பார்த்தேன்: இருபத்து மூன்று செருகுநிரல்கள். எல்லாம் யாரோ எழுதியவை. என் நண்பர்களின் கணினிகளிலும் அதே நிலைதான். நிறுவத் தெரிந்த தலைமுறையாக வளர்ந்திருக்கிறோம். எழுதிப் பார்த்தவர் எங்களில் எத்தனை பேர்?

"பெரிய நிறுவனங்கள் என்றாவது ஒருநாள் தாமாகவே செய்துவிடும்" என்று நண்பர் ஒருவர் சொன்னார். செய்யலாம். ஆனால் அவர்கள் எதைச் செய்வது என்று எப்படி முடிவெடுக்கிறார்கள்? அடைப்புக்குறி இணைகளுக்கு வெவ்வேறு நிறம் காட்டும் வசதி விஎஸ் கோட்டில் முதலில் இல்லை. வெளியில் இருந்த ஒருவர் அதைச் செருகுநிரலாக எழுதினார். ஏராளமானோர் அதை விரும்பிப் பயன்படுத்தினார்கள். 2021ல் எடிட்டர் குழுவே அந்த வசதியை இன்னும் வேகமாக ஓடும் வகையில் மையத்தில் சேர்த்துவிட்டது. யாரோ ஒருவர் முதலில் எழுதிக் காட்டியதால்தான் அந்தத் தேவை மற்றவர் கண்ணில் பட்டது. கேட்காத பிள்ளைக்குப் பால் கிடைக்காது என்பார்கள். மென்பொருள் உலகில் கேட்பதற்குச் சிறந்த வழி, செய்து காட்டுவது.

இன்னொருவர், "இதையெல்லாம் செயற்கை நுண்ணறிவே எழுதிவிடுமே" என்றார். அதுவும் உண்மைதான். என் முப்பது வரிகளை அது சில நொடிகளில் எழுதக்கூடும். சொல்லப்போனால், 'கிட்ஹப் கோபைலட்' என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரே 2021ல் விஎஸ் கோட்டுக்குள் ஒரு செருகுநிரலாகத்தான் நுழைந்தது. ஆனால் என்ன எழுத வேண்டும் என்று அதனிடம் யார் சொல்வது? 'லக்ஷ்மி' என்று சோதித்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்? எழுதும் வேலை எளிதாக எளிதாக, எது தேவை என்று அறிந்தவரின் மதிப்பு கூடுகிறது. தமிழ் வகுப்பில் நாம் கற்றது பயன்படும் இடம் இது.

திறந்த கதவில் திருடனும் வருவான்

ஒரு பக்கம் மட்டும் சொன்னால் நியாயமாகாது. திறந்த கதவில் யார் வேண்டுமானாலும் வரலாம். விஎஸ் கோட்டில் நிறுவப்படும் செருகுநிரலுக்கு எடிட்டருக்கு உள்ள அதிகாரம் அத்தனையும் உண்டு. உங்கள் கோப்புகளைப் படிக்கலாம், இணையத்தில் எதையும் அனுப்பலாம். நிறத்தை மாற்றும் செருகுநிரல்தானே என்று நாம் அலட்சியமாக நிறுவுகிறோம். புதிய வெளியீட்டாளர் ஒருவரின் செருகுநிரலை முதல்முறை நிறுவும்போது, இவரை நம்புகிறீர்களா என்று எடிட்டர் கேட்கும் முறை 2025ல்தான் வந்தது.

நல்லவர் எழுதியதும் தவறான கைக்குப் போகலாம். 2018ல் 'ஈவன்ட்-ஸ்ட்ரீம்' என்ற நிரல் தொகுப்புக்கு அதுதான் நடந்தது. அது எடிட்டர் செருகுநிரல் அல்ல. பல மென்பொருள்களுக்குள் சேர்க்கப்படும் ஒரு சிறு பகுதி. பராமரித்து வந்தவர் அதை இனித் தொடர விரும்பாமல், உதவ முன்வந்த ஒரு புதியவரிடம் ஒப்படைத்தார். அந்தப் புதியவர் மின்பணத்தைத் திருடும் நிரலை அதற்குள் மறைத்து வைத்தார்.

எனக்கும் ஒரு சிறிய பாடம் உண்டு. கல்லூரித் திட்டப்பணியில் நான் நம்பியிருந்த ஒரு செருகுநிரல், ஒப்படைக்க வேண்டிய வாரத்தில் திடீரென வேலை செய்யவில்லை. எழுதியவர் பல மாதங்களுக்கு முன்பே அதைக் கைவிட்டிருந்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. நான் அவருக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. இலவசமாகக் கிடைப்பது யாரோ ஒருவருடைய இரவு நேர உழைப்பு என்பது அன்றுதான் உறைத்தது.

ஆகவே நிறுவும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எழுதியவர் யார்? கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது? மூலநிரல் பார்க்கக் கிடைக்கிறதா? மூன்றுக்கும் நல்ல பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். தானே ஒன்றை எழுதிப் பார்த்தவருக்கு இந்தக் கேள்விகள் இயல்பாகவே எழும். எழுதிப் பார்க்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கே தொடங்கலாம்?

சிங்கப்பூரில் 2020 முதல் உயர் தொடக்கநிலை மாணவர்கள் அனைவரும் நிரல் எழுதுவதன் அடிப்படையைப் பத்து மணி நேரம் கற்கிறார்கள். 'ஸ்கிராட்ச்' பயன்படுத்திய பிள்ளைகளுக்குத் திரையின் இடது மூலையில் அடியில் இருக்கும் பொத்தான் தெரிந்திருக்கும். அதை அழுத்தினால் இசை, பேனா, மொழிபெயர்ப்பு என்று புதிய கட்டைகள் வரும். அவையும் நீட்சிகள்தாம். 'மைக்ரோபிட்' பலகைக்கான 'மேக்கோட்' தளத்தில் மாணவர்கள் தாங்களே எழுதிய நீட்சியையும் சேர்க்க முடியும். அந்தப் பொத்தானை அழுத்தக் கற்றுக்கொடுக்கிறோம். அதற்குப் பின்னால் இருப்பதை யாரோ எழுதியிருக்கிறார்கள், நீயும் எழுதலாம் என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லலாமே.

பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உள்ள தமிழ் மன்றங்களுக்கு என் வேண்டுகோள் இது. பட்டிமன்றமும் கலைநிகழ்ச்சியும் நடக்கட்டும். அவற்றோடு ஆண்டுக்கு ஒரே ஒரு செருகுநிரலைச் செய்து பாருங்கள். கணினி படிக்கும் மாணவர் ஒருவரும் தமிழ் நன்கு அறிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். சந்திப்பிழையைச் சுட்டிக்காட்டும் சிறு கருவியாக இருக்கலாம். ல, ள, ழ குழப்பத்தை எச்சரிப்பதாக இருக்கலாம். நிரலில் உள்ள தமிழ்க் குறிப்புகளுக்கு வேறு நிறம் காட்டுவதாக இருக்கலாம். பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் படிப்பு முடித்துப் போனதும் அடுத்தவர் பராமரிக்கும்படி இருக்க வேண்டும். தனிமனிதரின் ஆர்வம் ஓய்ந்துவிடக்கூடும். ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் வரும் ஒரு மன்றத்தால் அதைத் தாங்கிப் பிடிக்க முடியும்.

தமிழ் படித்தால் வேலைக்கு என்ன பயன் என்று உறவினர்களே கேட்கிறார்கள். எனக்கு இப்போது சொல்ல ஒரு பதில் இருக்கிறது. என் வகுப்பில் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 'க்ஷ்' எத்தனை எழுத்து என்ற கேள்வி எழக்கூடும் என்று தெரிந்தவர்கள் சிலரே. அந்தச் சிலரில் ஒருவராக இருப்பது சுமை அல்ல, வாய்ப்பு.

அத்தையின் விளையாட்டு இப்போது கணினியில் நடக்கிறது. சென்ற சனிக்கிழமை போனபோது ஒரு பையன் என்னிடம் வந்து, "அண்ணே, 'ஸ்ரீ'க்கு ரெண்டு கட்டம் காட்டுது, டீச்சர் ஒண்ணுன்னு சொல்றாங்க" என்றான். தொடக்கநிலை நான்கில் படிப்பவன். அவனே கண்டுபிடித்திருந்தான்.

திருத்த வேண்டிய வரியைத் திரையில் காட்டி, விசைப்பலகையை அவன் பக்கம் நகர்த்தினேன்.